கூண்டில் ஏறாத சாட்சி

விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர்தான். ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அதுதான் சோறு போட்டது. அப்பா அங்கே வக்கீல் குமாஸ்தா. குடியிருப்பு ராஜபாளையத்தில். தினமும் காலையில் தூக்குவாளியும் கேஸ் கட்டுமாகப் பஸ் ஏறுவார்.

பள்ளிக்கூட லீவில் சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கோர்ட்டு வளாகத்து மரத்தடியில் சாட்சிகள் உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய வேட்டி, மடிப்பு கலையாத சட்டை, வியர்வையில் நைந்துபோன சம்மன். கொலை வழக்கோ வரப்புத் தகராறோ, அப்பா எல்லாரிடமும் ஒரே பாடத்தைத்தான் சொல்வார்: "பார்த்ததைச் சொல்லுங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வெட்கப்படாதீங்க." உள்ளே டவாலி பெயரை இழுத்துக் கூப்பிடுவார். போனவர் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே குறுக்கு விசாரணை எப்படிப் போனது என்று அப்பா சொல்லிவிடுவார். போலீசிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறியதும் பல்டி அடிக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டு வழக்கு மேலே நகரும்.

வாரம் முழுக்கச் சாட்சிகளோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்குக் கோயிலுக்குப் போனாலும் விடுதலை இல்லை. நாங்கள் சி.எஸ்.ஐ., திருநெல்வேலித் திருமண்டலம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மணி பன்னிரண்டு அடிக்கும்வரை சாட்சி நேரம். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும். பெண்கள் பக்கம் ஒருவர், ஆண்கள் பக்கம் ஒருவர் என்று எழுந்து, அந்த வருஷம் ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்வார்கள். வேலை கிடைத்தது, கடன் அடைந்தது, கல்யாணம் கூடிவந்தது. ஒரு வருஷம் எங்கள் தெரு அக்கா ஒருவர் எழுந்து, மகனை டாக்டரே கைவிட்டுவிட்டார், கர்த்தர் கைவிடவில்லை என்று அழுதார். கோயில் முழுக்க ஸ்தோத்திரம். அப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "டாக்டர் என்ன சொன்னார்னு டாக்டர்தான்டா வந்து சொல்லணும்."

அது கிண்டல் இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 60. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். கண்டது என்றால் கண்டவர், கேட்டது என்றால் கேட்டவர் வந்து சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் 2024 ஜூலையோடு போய்விட்டது, புதுச் சட்டம் வந்துவிட்டது. விதி மாறவில்லை. அப்பா விசுவாசத்தில் குறைந்தவர் அல்ல. காணிக்கைத் தட்டு எடுப்பார், அசனத்துக்கு அரிசி மூட்டை சுமப்பார். ஆனால் காதில் விழுகிற எந்த வாக்கியத்தையும் கூண்டில் ஏற்றிப் பார்க்காமல் அவரால் விட முடியாது.

ஆச்சி எழுந்தால் மட்டும் அப்பா குனியமாட்டார்.

ஆச்சி எழுந்தாலே இளைஞர் பக்கம் லேசாகச் சிரிப்பு ஓடும். ஒவ்வொரு வருஷமும் அதே சாட்சி. தாத்தா ஒரு நூற்பாலையில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆச்சி உபவாசம் இருந்து ஜெபித்தாள். ஐப்பசி மழையில் தாத்தா போய்விட்டார். ஆச்சி சொல்வது இவ்வளவுதான்: "நான் கேட்டது கிடைக்கல. ஆனா அன்னைக்கு ராத்திரி என் பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்." முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த அக்காவின் சாட்சிக்கு வந்த ஸ்தோத்திரத்தில் பாதிகூட ஆச்சிக்கு வராது.

வீட்டுக்கு நடக்கும்போது நான் அப்பாவைக் கேட்டேன், ஆச்சி சொன்னது செல்லுமா என்று. பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. "அதைக் குறுக்கு விசாரணை பண்ண என்கிட்ட கேள்வி இல்லடா."

இயேசு உண்மையானவர் என்பதற்குக் கடவுளே சாட்சி என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அது எந்த வகைச் சாட்சி? எனக்கு அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது இந்த இரண்டு பேரிடமிருந்துதான். அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதற்கு வேறு வேறு பதில் வைத்திருந்தார்கள்.

திடப்படுத்தல் வகுப்பில் உபதேசியார் யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நடத்தினார். அந்தப் பகுதியைப் படித்தால் கோர்ட்டுப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும். தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்வது போதாது என்பதை இயேசுவே ஒத்துக்கொள்கிறார். உபாகமத்தின் சட்டப்படி இரண்டு மூன்று சாட்சி வேண்டும். அதனால் ஒவ்வொருவராக அழைக்கிறார்: யோவான் ஸ்நானகன், தாம் செய்த கிரியைகள், தம்மை அனுப்பிய பிதா, வேதவாக்கியங்கள், கடைசியில் மோசேயும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம சட்டத்துல இத்தனை சாட்சி வேணும்னு கணக்கே கிடையாதுடா. பிரிவு 134. ஒரு சாட்சி நம்பும்படியா இருந்தா போதும்" என்றார்.

பிதாவின் சாட்சி என்றால் என்ன? யோர்தானில் ஞானஸ்நானத்தின்போது வந்த குரல், மறுரூப மலையில் வந்த குரல். இவற்றைவிடப் பெரிதாக அப்போஸ்தலர்கள் பிடித்துக்கொண்டது உயிர்த்தெழுதலை. அத்தேனேயில் பவுல் பேசியதும் அதுதான்: இவரை எழுப்பியதன் மூலம் கடவுள் எல்லாருக்கும் உறுதி கொடுத்திருக்கிறார் என்றார். கேட்டவர்களில் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் பார்ப்போம் என்றார்கள், சிலர் நம்பினார்கள். கடவுளின் சாட்சி கேட்டவரை மறுக்கவே முடியாதபடி மடக்கிவிடும் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வானத்திலிருந்து குரல் வருகிறது. பக்கத்தில் நின்ற ஜனங்களுக்கு அது இடியாகக் கேட்கிறது, வேறு சிலருக்குத் தேவதூதன் பேசியதாகக் கேட்கிறது. சுவிசேஷத்தை எழுதியவர் இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். தனக்குப் பாதகமான விவரத்தையும் சேர்த்துச் சொல்கிற சாட்சியை நம்பலாம் என்பது கோர்ட்டு அனுபவம். இந்த இடத்துக்காகவே எனக்கு யோவான்மேல் தனி மரியாதை.

ஆச்சிக்குப் பிடித்தது அதே பெயரில் உள்ள நிருபம், ஒன்று யோவான் ஐந்தாம் அதிகாரம். அவளுடைய பைபிளில் அந்தப் பக்கத்தில் ஒரு குருத்தோலைச் சிலுவை காய்ந்து கிடக்கும். அப்பா கோர்ட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு-நீலப் பென்சிலால் கோடு போட்டிருப்பாள். ஒரு முனையால் போட்ட கோட்டின் மேலேயே மறுமுனையாலும் போட்டிருப்பாள். அங்கே சாட்சிகள் மூன்று: ஆவி, ஜலம், இரத்தம். ஜலம் என்றால் யோர்தான், இரத்தம் என்றால் சிலுவை என்பது நெடுநாளைய விளக்கம். ஞானஸ்நானமும் நற்கருணையும் என்று சொல்கிறவர்களும் உண்டு. விலாவில் குத்தியபோது வடிந்த இரத்தத்தையும் தண்ணீரையும் நினைக்கிறவர்களும் உண்டு. மூன்றாவதான ஆவி, விசுவாசியின் உள்ளே இருந்து சாட்சி கொடுப்பவர். நம்புகிறவன் அந்தச் சாட்சியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறான் என்று நிருபம் சொல்கிறது. கால்வின் இதை வேதத்தின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கே அஸ்திவாரமாக்கினார். ஜான் வெஸ்லி 1746-இலும் 1767-இலும் ஆவியின் சாட்சியைப்பற்றி இரண்டு பிரசங்கங்கள் வெளியிட்டார். ஆச்சிக்கு இந்த இருவரையும் தெரியாது.

இதே அதிகாரத்தில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. காலேஜ் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கத்தோலிக்க நண்பன் ஒருவன், அப்போது புதிதாக வந்திருந்த திருவிவிலியத்தை விரித்துக் காட்டினான். 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு அது. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் ஏழாம் வசனத்தில் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவராகப் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி வருவார்கள். அவனுடைய புத்தகத்தில் அந்த மூவர் இல்லை. விசாரித்தால், பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்புகளில், 1516-இலும் 1519-இலும், அது இல்லை. 1522 பதிப்பில்தான் நுழைந்தது. இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்புகளைப் புரட்டிய தமிழ் வாசகர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. உபதேசியாருக்கு இதைச் சொல்லவே தயக்கமாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டென்று சொன்னார்: "ஜோடிச்ச சாட்சியை வெச்சு ஜெயிக்கிற கேஸ் ஆண்டவருக்கு வேண்டாம்டா." திரித்துவக் கோட்பாடு அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை என்பதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆவியின் சாட்சி விஷயத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் சாட்சியாபுரம் என்றே ஒரு ஊர் உண்டு, சர்ச் மிஷனரி சொசைட்டி என்கிற சி.எம்.எஸ். மிஷன் காலத்துக் கிறிஸ்தவ ஊர். கேம்பிரிட்ஜில் படித்துப் பெரிய பதவியை விட்டு வந்த ராக்லாந்து ஐயர் என்ற மிஷனரி, 1854 முதல் இந்த வட திருநெல்வேலிப் பகுதியில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனவர். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் செலவில் உபதேசிமாரை மாதத் தவணையில் அவருக்கு உதவியாக அனுப்பின. 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் இறந்துபோனார். கணக்குப் பார்த்தால் அவர் கண்ட பலன் கொஞ்சம்தான்.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆவதற்குள், வெள்ளைக்காரர் யாரும் தலைமை தாங்காமல், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் தீ பிடித்தது. அந்த ஊரை 1840-இல் உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல் வைத்தியரான பிரதரன் மிஷனரியோடு சேர்ந்த பிறகு, சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். மேல்நாடுகளில் நடந்த எழுப்புதல்களின் செய்தி அவருக்கு எட்டியிருந்தது. 1860 மார்ச் முதல் அவருடைய ஜனங்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள், தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள். சிலர் அந்நிய பாஷையில் பேசினார்கள், சிலர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். பெண்களும் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கம் என்று உலகம் கொண்டாடுகிற லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருக் கூட்டம் 1906-இல்தான். அதற்கு 46 வருஷம் முந்தியது நம் வத்திராயிருப்புச் சமாச்சாரம். அருளப்பனின் மகனும் மகளும் வேறு சிலரும் சி.எம்.எஸ். சபையைச் சேர்ந்த உறவுக்காரர் ஊர்களுக்குப் போக, அங்கேயும் பற்றிக்கொண்டது. உறவுமுறை வழியாகப் பரவியதால்தான் அந்த வேகம் என்பது என் கணிப்பு. அவருடைய நாட்குறிப்புகளை ஜி. ஹெச். லாங் என்பவர் 1939-இல் லண்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

சி.எம்.எஸ். மிஷனரிமார் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். ஆஷ்டன் டிப் என்பவர் 1860-லேயே மிஷன் பத்திரிகையில் இதைப்பற்றி எழுதிவிட்டார். நடுக்கத்தையும் விழுதலையும் பார்த்து மிஷனரிமாருக்கு மிரட்சிதான். ஆனால் பாவ அறிக்கையும் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்ட தமிழர்களின் வைராக்கியமும் அவர்கள் தள்ளிவிட முடியாதவை. குலுங்குவது சாட்சியா, திருந்துவது சாட்சியா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

கிறிஸ்தியான்பேட்டைக்குப் போக ஆசைப்பட்டு ஒரு பங்குனி மாதம் அப்பாவோடு கிளம்பினேன். கிருஷ்ணன்கோயிலில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் பிடித்தோம். மேற்கே மலை, சாலையோரம் தென்னையும் அறுத்த வயலும். அப்பா வழி நெடுக ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்: "தரிசனம் கண்டேன்னு அவங்க சொன்னதை யாருடா சரிபார்த்தது?" சரிபார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே எழுப்புதல் உதாரணம் வைத்திருக்கிறது. 1873 வாக்கில் இது திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற ஐயர், கிறிஸ்து 1881-இல் திரும்பி வருவார் என்று தீர்க்கதரிசனம் சொல்லி, யூயோமயம் என்று தனிச் சபையே கண்டார். 1881 வந்தது, போனது. ஆவி பேசியது என்று ஒருவர் சொன்னதற்காக அதைக் கடவுளின் சாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளத்தில் சாட்சி இருக்கிறது என்று சொல்கிற ஒன்று யோவானே, அதற்கு முந்தின அதிகாரத்தில், ஆவிகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறது. ஐந்தாம் அதிகாரத்துக்குக் கோடு போடுகிறவர்கள் நான்காம் அதிகாரத்தை ஓடிக் கடந்துவிடுகிறார்கள். ஆச்சியும் அதில் சேர்த்தி.

ஆனால் ஆச்சி லேசுப்பட்டவள் அல்ல. பக்கத்து வீட்டு ராஜு அம்மா அவளுக்கு உயிர்ச் சிநேகிதி. வருஷா வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்து, பால்கோவா கொண்டுவந்து தருவார். ஒரு தடவை திண்ணையில் பேச்சு இந்தச் சாட்சி விஷயத்தில் வந்து நின்றது. "எங்க ஆண்டாளுக்கு எந்தச் சாட்சி வேணும் மதினி? ரங்கன்தான்னு அவளுக்குத் தெரிஞ்சுது. அவ்வளவுதானே?" என்றார் அந்த அம்மா. ஆச்சி சிரித்தாள், பால்கோவாவை வாயில் போட்டாள், வாதத்துக்குப் போகவில்லை. எனக்கு மட்டும் அது உள்ளே குடைந்தது. உள்ளத்து நிச்சயம் எல்லாச் சமயத்திலும் இருக்கிறது. அப்படியானால் ஆச்சி சொல்வதற்கு என்ன தனி எடை?

ராத்திரி அவளிடமே கேட்டேன். "அவ சொன்னதுல தப்பில்ல ராசா. தெரியுறவளுக்குத் தெரியும். ஆனா நமக்கு ரத்தம் சிந்துன இடம்னு ஒண்ணு இருக்கு. பிலாத்து பேரைச் சொல்றோமே." விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னாள். வாராவாரம் சொல்கிற அந்தப் பிரமாணத்தில் இயேசுவையும் மரியாளையும் தவிர வேறு ஒரே ஒரு மனிதர் பெயர்தான் வரும்: பொந்தியு பிலாத்து. ரோம அரசின் அதிகாரி, தண்டனை விதித்த நீதிபதி. 1961-இல் செசரியா கடற்கரை நகரத்தில் அகழ்வாராய்ச்சி செய்தவர்கள், அவன் பெயரும் யூதேயா அதிகாரி என்ற பதவியும் வெட்டிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அந்தக் கல் பிலாத்து இருந்தான் என்பதற்கு மட்டும் அத்தாட்சி. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு அல்ல. ஆனாலும் கிறிஸ்தவம் தன் கடவுளின் சாட்சியை ஊரும் ஆட்சியும் அதிகாரி பெயரும் உள்ள ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. உள்ளே பேசும் ஆவி, வெளியே நடந்த ஜலத்தோடும் இரத்தத்தோடும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் உணர்ச்சி. அப்பா கோர்ட்டில் தேடியதும் இதைத்தான். சாட்சி சொல்வதும் சம்பவமும் பொருந்துகிறதா என்றுதான் அவர் பார்ப்பார்.

அப்புறம் ஆச்சியின் அந்த ராத்திரி? அது அவளுக்குப் போதுமானது. அதை வைத்து இன்னொருவரை நம்பச் சொல்லி அவள் நிர்ப்பந்தித்ததே இல்லை. உள்ளான சாட்சிக்கு எல்லை அங்கேதான். வைத்திருப்பவருக்கு அது முழு அத்தாட்சி. அடுத்தவருக்கு அது ஒரு தகவல். இதை உணராதவர்கள் பண்ணுகிற சேதத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்ட, நோய் சுகமான சாட்சியை நம்பி ஊசியை நிறுத்தினார். கால் விரல்கள் போயின. அந்தக் கூட்டத்தில் சாட்சி சொன்னவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சபைக்கு வெளியிலிருந்து வந்த கேள்வியை அவிசுவாசம் என்று தள்ளலாம். தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஐயர்மாருக்கும் சேகரக் கமிட்டிகளுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. சுகமான சாட்சி சொல்கிறவர் மருந்தை நிறுத்தியதையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னால், மேடையிலேயே எழுந்து மறுத்துவிடுங்கள். அடுத்த டிசம்பர் 31 ராத்திரி, கேட்டது கிடைத்தவர்களுக்குக் கொடுக்கிற நேரத்தில் ஐந்து நிமிஷத்தை எடுத்து, கேட்டது கிடைக்காதவர்களுக்கும் கொடுங்கள்.